எந்தப் பக்கம் திருப்பும்போது கடிக்கிறார்?

கேள்வி: என் அம்மாவுக்கு 79 வயது. ஆறு வருடமாக டிமென்ஷியா. என்னைச் சில நாள் அவருடைய தங்கை என்கிறார், சில நாள் யாரென்றே தெரியவில்லை. போன வருடம் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. இப்போது எலும்புக்கும் பரவிவிட்டது. கீமோவை உடம்பு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நியூஜெர்சியில் இருக்கும் அண்ணன், "பெரிய ஆஸ்பத்திரியில் சேர், ஐசியு, ட்யூப் எதையும் விட்டுவைக்காதே, செலவு என்னுடையது" என்கிறார். போரூரில் இருக்கும் தம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்கிறான், ஆனால் வாரம் ஒருமுறைதான் எட்டிப் பார்ப்பான். டயாப்பர் மாற்றத் திருப்பினால் அம்மா கையைக் கடித்துவிடுவதால் நான்கு மாதத்தில் மூன்று ஆயாக்களை மாற்றியாகிவிட்டது. ராத்திரி முனகல் தாங்காமல் தூக்க மாத்திரை கொடுக்கிறோம். ஐசியு வேண்டாம் என்று நான் சொன்னால் அது கொலைதானே? கடைசிக் காலம் வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா?

(கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, நங்கநல்லூர்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அண்ணன் சொன்னது, தம்பி சொன்னது, சித்தி சொன்னது, பக்கத்து ஃப்ளாட்காரர் சொன்னது எல்லாம் அதில் இருக்கிறது. அம்மா சொன்னது ஒரே ஒரு வரி. அதையும் ஆயா நிற்காத கதையாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். திருப்பினால் கடிக்கிறார்.

எந்தப் பக்கம் திருப்பும்போது கடிக்கிறார்? எழுதவில்லை. உங்களுக்குத் தெரிந்திருக்காது. திருப்புவது நீங்கள் இல்லையே.

எலும்புக்குப் போன புற்றுநோய் பெரும்பாலும் அசைவில்தான் உயிரை எடுக்கும். அப்படியே படுத்திருந்தால் ஆள் சாந்தமாகத் தெரிவார். இடுப்புக்குக் கீழே கை கொடுத்துப் புரட்டும்போது வலி சுரீர் என்று ஏறும். "மெதுவாடி, வலிக்குது" என்று சொல்ல உங்கள் அம்மாவுக்கு வார்த்தை போய்விட்டது. பல்தான் மிச்சம். அதனால் கடிக்கிறார். நீங்கள் வலியைக் கவனிக்காமல் ஆயாவை மாற்றினீர்கள், அதுவும் மூன்று தடவை.

இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. டிமென்ஷியா என்று ஒரு பெயர் வைத்துவிட்டால் அதன் பிறகு அந்த மனுஷி செய்கிற எல்லாவற்றையும் அந்தக் கணக்கிலேயே எழுதிவிடுகிறார்கள். முனகினால் மறதி, கத்தினால் மறதி, கடித்தால் மறதி. நினைவு போனவருக்கு நரம்புமா போய்விடும்? அம்மாவைப் புரட்டும்போது முகத்தைப் பாருங்கள். நெற்றி சுருங்குகிறதா, கை முஷ்டியாக இறுகுகிறதா, மூச்சு வாங்குகிறதா, தடவிக் கொடுத்தால் அடங்குகிறதா, அடங்கவில்லையா. பேச முடியாதவரின் வலியை டாக்டர்களும் இதை வைத்துத்தான் கணிக்கிறார்கள். ஒரு நாள் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

தூக்க மாத்திரை விஷயத்தில் உங்களைக் கண்டிக்கத்தான் வேண்டும். அது வலியைக் குறைக்காது. அம்மாவின் முனகலை நிறுத்தி உங்கள் தூக்கத்தைக் காப்பாற்றும், அவ்வளவுதான். ஆனால் நீங்களாக இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், அந்த நோட்டோடு டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டு மாற்றுங்கள். வலிக்கு வேறு மருந்து இருக்கிறது. சாதாரண மாத்திரைக்கு அடங்காத வலிக்கு மார்ஃபின் கொடுப்பார்கள். வாய்வழி மாத்திரைதான், வழக்கமாக நான்கு மணி நேரத்துக்கு ஒன்று, கூடவே மலச்சிக்கலுக்கும் மருந்து. போதைப் பழக்கம் வந்துவிடும் என்று உங்கள் சித்தி சொல்வார். 79 வயதில் எலும்பெல்லாம் நோயோடு படுத்திருப்பவருக்கு வலிக்கான அளவில் கொடுக்கும் மருந்தால் எந்தப் பழக்கம் வந்து என்ன ஆகப்போகிறது? 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தியதே இந்த மருந்து வலிக்காரர்களுக்குப் போய்ச் சேரட்டும் என்றுதான். குறிப்பாக ஓர் இடத்தில் வலி என்றால் ஒரே ஒரு முறை கதிர்வீச்சு கொடுத்தும் குறைக்கலாம், அதையும் கேளுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் வலியைத் தணிப்பதற்கென்றே பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கத்தில் இதே வேலையைச் செய்யும் டீன் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு நிறுவனம் இருக்கிறது. 2021-ல் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களை வீட்டில் வந்து பார்ப்பதும் அடக்கம், உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய்ப் பெயர் கொடுங்கள்.

இனி உங்கள் அண்ணன். எதையும் விட்டுவைக்காதே என்கிறார். எதையும் விட்டுவைக்காமல் நாங்கள் செய்தோம், என் அப்பாவுக்கு. அவருக்கும் இதே இரண்டும் இருந்தன, மறதியும் புற்றுநோயும். ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ட்யூப் போட்டார்கள். அது என்ன என்று அவருக்குப் புரியவில்லை, பிடுங்கினார். மறுபடி போட்டார்கள், மறுபடி பிடுங்கினார். கடைசியில் காஸ் துணியால் இரண்டு கையையும் கட்டில் கம்பியோடு கட்டினார்கள். கட்டுவதற்குக் கையெழுத்துப் போட்டது நான். பதினோரு நாள். வீட்டுக்குக் கொண்டுவந்து குளிப்பாட்டும்போது மணிக்கட்டைச் சுற்றி அந்தத் துணியின் தடம் அப்படியே இருந்தது. மஞ்சள் பூசி மறைக்கப் பார்த்தேன், மறையவில்லை.

முற்றிய டிமென்ஷியாவில் ட்யூப் வழியாக ஊட்டுவதால் ஆயுள் கூடுவதில்லை, புரையேறி நிமோனியா வருவதும் நிற்பதில்லை. எனக்கு இது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்கிறேன். தலையணை வைத்து நிமிர்த்தி உட்கார்த்தி, குழைந்த சாதத்தை ஸ்பூனில், அவர் வாங்குகிற வரைக்கும் கொடுங்கள். வாயை மூடிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

கொலை என்ற வார்த்தையைக் கீழே வையுங்கள். மீள வழியில்லாத நோயாளிக்குச் செயற்கையாக உயிரை நீட்டிக்கும் சிகிச்சை வேண்டாம் என்று விடுவதை உச்ச நீதிமன்றமே 2018 மார்ச்சில் ஒப்புக்கொண்டிருக்கிறது, 2023-ல் அதன் நடைமுறையை எளிதாக்கியும் இருக்கிறது. இந்தச் சிகிச்சை வேண்டாம் என்று உங்கள் அம்மாவால் இனி உயில் மாதிரி எதுவும் எழுத முடியாது, அந்தக் காலம் போய்விட்டது. உங்களுக்காக நீங்கள் எழுதலாம். இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி போதும். உங்கள் மகள் நாளைக்கு எனக்கு இதே கடிதத்தை எழுத வேண்டாம்.

அண்ணன் பணம் தருகிறார், சரி. பணத்தை நான் குறைத்துச் சொல்லமாட்டேன், மாத்திரையும் டயாப்பரும் சும்மா வருவதில்லை. ஆனால் முடிவு சொல்ல வேண்டுமானால் மூன்று வாரம் லீவு போட்டு வரட்டும். வந்து ராத்திரி இரண்டு மணிக்கு அம்மாவின் துணியை மாற்றட்டும். அதற்குப் பிறகும் ஐசியு என்றால் அப்போது பேசலாம். கொள்ளி வைக்க மட்டும் ஃப்ளைட் பிடிக்கிற பிள்ளையின் கடமையை நான் கடமை என்று ஒப்புக்கொண்டதில்லை. போரூர் தம்பிக்கும் இதையேதான் சொல்வேன். பெற்றவளைத் துடைத்துவிடுவது பெண் பிள்ளையின் வேலை என்று எந்த வீட்டில் எழுதி வைத்திருக்கிறது? வாரம் மூன்று ராத்திரி அவன் முறை. பதில் வராவிட்டால் அம்மாவை அவன் வீட்டில் கொண்டுபோய் விடுவேன் என்று சொல்லுங்கள். சொன்னால் செய்ய வேண்டும்.

வீடா, ஆஸ்பத்திரியா என்று கேட்டீர்கள். வலி அடங்கினால் வீடு. அடங்கவில்லை என்றால் அதை அடக்கத் தெரிந்த இடத்தில் சில நாள் வைத்துவிட்டு மறுபடி வீடு. வீடு என்று முடிவானால் ஒரு காரியத்தை இப்போதே செய்யுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும் ஒரு டாக்டரிடம் பேசி வைத்து, இறப்புக்கான காரணச் சான்றிதழை அவர் தருவாரா என்று நேராகவே கேட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும், கேளுங்கள். இதைச் செய்யாமல் விட்டவர்கள்தான் அந்த நேரத்தில் பதறிப்போய் 108-ஐக் கூப்பிட்டு, எது வேண்டாம் என்று நினைத்தார்களோ அதே எமர்ஜென்சி வார்டில் போய் நிற்கிறார்கள். மாநகராட்சியில் பதிவு செய்ய 21 நாள் இருக்கிறது, அதற்கு அவசரமில்லை.

இதெல்லாம் நாளைக்கு. இன்றைக்கு ஒரு வேலை இருக்கிறது. நிறுத்திய மூன்று ஆயாக்களில் ஒருத்தியின் நம்பராவது உங்கள் போனில் இருக்கும். கூப்பிடுங்கள். கடி வாங்கியதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள், சம்பளப் பாக்கி இருந்தால் அனுப்புங்கள். பிறகு எந்தப் பக்கம் திருப்பும்போது அம்மா கடித்தார் என்று கேளுங்கள். அவளுக்குத் தெரிந்திருக்கும்.