வாசகர் கடிதம்: செய்திகளை எண்ணிக்கொண்டிருப்பவர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இதழியலில் முதுகலைப் படிப்பை முடிக்கும் நிலையில் இருக்கிறேன். அடுத்து அரசியல் தொடர்பியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்ய விருப்பம். ஆனால் அத்துறை அறிஞர்கள் பலர் வாழ்நாள் முழுவதும் செய்திகளை எண்ணுவதும் வாக்காளர்களிடம் வினாத்தாளை நீட்டுவதுமாகவே இருந்திருக்கிறார்கள். அவர்கள் தேர்தல் முடிவை முன்கூட்டிச் சொன்னதுமில்லை, களத்தில் இறங்கியதுமில்லை. இதற்காக ஓர் ஆயுளைச் செலவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

தேர்தல் முடிவைக் கணிப்பது கருத்துக்கணிப்பு நடத்துபவர்களின் வேலை. நேரில் பார்க்காத ஓர் உலகத்தைப் பற்றி வாக்காளர் எப்படி ஒரு நினைப்புக்கு வருகிறார் என்பதே அரசியல் தொடர்பியல் ஆய்வாளரின் கேள்வி.

2024இல் மறைந்த அமெரிக்க அரசியல் தொடர்பியல் அறிஞர் மாக்ஸ்வெல் மெக்கோம்ப்ஸ் நியூ ஆர்லியன்ஸில் செய்தியாளராக இருந்தவர்; பிறகு ஸ்டான்ஃபோர்டில் முனைவர் பட்டம் பெற்றார். 1967இல் அவர் லாஸ் ஏஞ்சலஸில் இளம் ஆசிரியராக இருந்தபோது, ஒரு நாள் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸுக்கு மூன்று பெரிய செய்திகள் சேர்ந்தாற்போல் வந்தன: பிரிட்டன் உள்ளாட்சித் தேர்தலில் கன்சர்வேட்டிவ் கட்சியின் வெற்றி, வாஷிங்டனில் ஓர் ஊழல், உள்ளூர் வறுமை ஒழிப்புத் திட்ட இயக்குநரின் பதவி நீக்கம். முதன்மை இடம் உள்ளூர்ச் செய்திக்குப் போயிற்று. அச்சில் இடம் சிறுத்தால் மக்கள் மனத்திலும் அந்த நிகழ்வு சிறுத்துவிடுமா என்று அவர் சக ஆசிரியர்களோடு பேசியதில்தான் எல்லாம் தொடங்கிற்று. செய்தியறையில் வேலை பார்த்த எவருக்கும் எழக்கூடிய ஐயம்தான் இது. அதைச் சோதிப்பதற்கு ஒரு வழி காண்பதே அரிது.

1968 அதிபர் தேர்தலின்போது வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில், யாருக்கு வாக்களிப்பது என்று இன்னும் முடிவெடுக்காத 100 பேரை அவரும் இதழியல் ஆய்வாளர் டொனால்ட் ஷாவும் தேர்ந்தெடுத்தனர். அரசியல்வாதிகள் என்ன சொன்னாலும் சரி, அரசு முதலில் கவனிக்க வேண்டியவை எவை என்று அவர்களிடம் கேட்டனர். அதே மக்கள் படித்த நாளிதழ்களிலும் பார்த்த தொலைக்காட்சிச் செய்திகளிலும் எந்தப் பிரச்சினைக்கு எவ்வளவு இடம் கிடைத்தது என்று தனியே கணக்கெடுத்தனர். இரு வரிசைகளும் ஏறத்தாழ ஒன்றாகவே அமைந்தன. இதை விவரித்து 1972இல் வெளியான அவர்களது கட்டுரை புகழ்பெற்றது; ஊடகம் எதைப் பெரிதாக்குகிறதோ அதையே மக்களும் பெரிதாக எண்ணுகிறார்கள் என்ற கோட்பாடு அதிலிருந்து வளர்ந்தது. ஒரு சிற்றூரின் நூறு பேரை வைத்து இவ்வளவு பெரிய கோட்பாடா என்று கேட்பது நியாயமே, எனக்கும் அந்தத் தயக்கம் உண்டு. ஆனால் அவர்கள் அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஊடகம் மக்களைப் பின்தொடர்கிறதா, மக்கள் ஊடகத்தைப் பின்தொடர்கிறார்களா என்று அறிய, 1972 தேர்தலில் சார்லட் நகரில் ஒரே வாக்காளர்களை மீண்டும் மீண்டும் சந்தித்தனர். 1976இல் மெக்கோம்ப்ஸும் வேறு சிலரும் மூன்று ஊர்களில், ஆண்டு முழுவதும், அதே ஆட்களிடம் ஒன்பது முறை பேட்டி எடுத்தனர். 1990களில் ஸ்பெயினின் பம்ப்லோனாவில் கேள்வியே ஒரு படி நகர்ந்தது: எந்த வேட்பாளரைப் பற்றி மக்கள் பேசுகிறார்கள் என்பதோடு, அவரை எத்தகையவர் என்று வர்ணிக்கிறார்கள் என்பதும் ஊடகத்திலிருந்து வருகிறதா? நீங்கள் எண்ணுவது என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய சுற்றின் ஓட்டையை அடைக்கும் வேலை அது. என் கணக்கில் ஓர் ஆயுளுக்கு அது போதும்.

களத்தில் இறங்கவில்லை என்பதும் முழு உண்மையன்று. தொடர்பியல் அறிஞர் எலிஹு காட்ஸ் 1960களின் இறுதியில் இஸ்ரேல் தொலைக்காட்சியைத் தொடங்கி நடத்தும் பொறுப்பை ஏற்றார்; பின்னர் ஆய்வுக்கே திரும்பினார்.

விண்ணப்பிக்கும் முன் ஒன்று செய்து பாருங்கள். ஒரு நாளிதழின் ஒரு மாத முதல் பக்கங்களை எடுத்து, ஒவ்வொரு செய்தியும் எந்தப் பிரச்சினையைச் சேர்ந்தது என்று கையால் வகைப்படுத்துங்கள். அதையே நண்பர் ஒருவரும் உங்களைக் கலக்காமல் செய்யட்டும். ஆலை மூடப்பட்ட செய்தியை நீங்கள் பொருளாதாரத்திலும் அவர் வேலையின்மையிலும் சேர்த்திருப்பீர்கள். அந்த வேறுபாட்டைத் தீர்க்க விதி ஒன்றை எழுதி, மாதம் முழுவதையும் முதலிலிருந்து மறுபடி வகைப்படுத்த வேண்டியிருக்கும். அப்போதும் உங்களுக்கு ஆர்வம் குறையவில்லை என்றால் விண்ணப்பியுங்கள்.