ஆச்சி பதில்கள்

கேள்வி: ஆச்சிக்கு வணக்கம். தை மாதம் அப்பச்சிக்கு அறுபதாம் சாந்தி, ஊரில் பெரிய வீட்டில் வைத்திருக்கிறோம். சமையல் காண்ட்ராக்டர் இலைக்கு ஒரு குட்டித் தண்ணீர் பாட்டில், காபிக்குப் பேப்பர் கப், தாம்பூலத்துக்குத் துணிப்பை என்று பட்டியல் தந்திருக்கிறார். பிளாஸ்டிக்கைக் குறைக்க ஆசை. முடியுமா?
- வாசகி ஒருவர், பள்ளத்தூர்

பதில்: முடியும் ஆத்தா. முதலில் உக்கிராண அறையைத் திறந்து பார். ஆயா காலத்து எவர்சில்வர் டம்ளரும் பித்தளைச் செம்பும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். நம் வீடுகளில் சாமான் இல்லாமல் யாரும் பாட்டில் வாங்குவதில்லை. கழுவ ஆள் இல்லை, அதுதான் காரணம். எனவே காண்ட்ராக்டரிடம் பேச்சை அங்கேயே தொடங்கு. டம்ளர் கழுவ என்றே கூடுதலாக நாலு பேரை வை. பாட்டிலுக்கு ஆகிற பணத்தில் அவர்களுக்கு நல்ல கூலி கொடு. இரண்டு பந்திக்குப் போதுமான டம்ளர் இருந்தால் ஒன்று கழுவிக் காய்வதற்குள் மற்றது ஓடும். தண்ணீரைச் செம்பில் ஊற்றச் சொல்லு. கேட்டவருக்குக் கேட்ட அளவு போகும். பாதி குடித்த பாட்டில் இலையோரம் கிடக்காது.

கப்பைப் பற்றிக் கேட்டால், பேப்பர்தானே என்பார். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இல்லாமல் சூட்டுக் காபி எப்படி நிற்கும்? 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட 14 பொருட்களில் அதுவும் உண்டு. மேசையில் விரிக்கிற பிளாஸ்டிக் தாளும் உண்டு.

அப்புறம் அந்தத் துணிப்பை. பெரும்பாலும் அது துணியே இல்லை, பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். ஓரத்தில் கொஞ்சம் வெட்டி நெருப்பில் காட்டிப் பார். உருகி மணியாகத் திரண்டால் பிளாஸ்டிக், பருத்தி சாம்பலாகிவிடும். இந்தப் பிளாஸ்டிக் பையும் அதே தடைப் பட்டியலில்தான் வருகிறது.

விசேஷம் முடிந்த மறுநாள் ஊருணிக்குப் போகும் வரத்துக்காலைப் பார்த்திருக்கிறேன். கப்பும் கவரும் அடைத்து, எச்சில் தண்ணீர் தேங்கி நிற்கும். மழைத்தண்ணீரை நம்பி வாழ்ந்த ஊரில் இதைப் பார்க்க எனக்கு மனசு ஆறவே மாட்டேன் என்கிறது.

தாம்பூலத்துக்குக் கொட்டான் கொடு, அதுதான் நம் பனையோலைக் கூடை. புவிசார் குறியீடு பெற்ற நம் ஊர்ப் பொருள். பனையோலையை வகிர்ந்து, சாயம் ஏற்றிக் கையால் முடைவதால் நாளாகும், இப்போதே சொல்லிவை. எல்லாருக்கும் கட்டுப்படியாகவில்லையா, உறவுக்காரர்களுக்குக் கொட்டான், மற்றவர்களுக்குப் பருத்தி மஞ்சப்பை. உள்ளே தேங்காய் வைப்பாய் என்றால் அதையும் முடைகிறவர்களிடம் சொல்லிவிடு. அளவும் அடிப்பாகமும் அதற்கேற்றபடி போடுவார்கள்.