அகதிக் குழந்தைகளுக்குச் சேவை செய்ய ஏஜென்ட்டுக்கு எதற்குப் பணம்?

கேள்வி: என் மகள் எம்.எஸ்.டபிள்யூ. முடித்துவிட்டு வில்லிவாக்கம் பக்கம் ஒரு பள்ளியில் வேலை பார்க்கிறாள். கிரீஸில் அகதிக் குழந்தைகளோடு மூன்று மாதம் தன்னார்வலராக இருக்க ஆசைப்படுகிறாள். ஒரு ஏஜென்ட் 1,75,000 ரூபாய் கேட்கிறார். "டூரிஸ்ட் விசாவில் போகட்டும், அங்கே இறங்கியதும் சேர்த்துக்கொள்வார்கள்" என்கிறார். 20,000 ரூபாய் முன்பணமும் பாஸ்போர்ட்டும் கொடுத்துவிட்டோம். மீதியைக் கட்டலாமா?
— ஒரு தாய், சென்னை

பதில்: கட்டாதீர்கள் அம்மா. முதல் வேலையாகப் பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்குங்கள். அது அரசின் சொத்து. உங்கள் மகள் கேட்டால் அவர் தந்தே ஆக வேண்டும். "விசாவுக்கு அனுப்பியிருக்கிறோம்" என்றால் விசா மையத்தின் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவு இருக்கிறது, புகார் கொடுங்கள்.

அடுத்து அந்த டூரிஸ்ட் விசா. கிரீஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவானது ஷெங்கன் விசா. அதில் 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம் என்பது உண்மை. அந்தக் கணக்கை வைத்துத்தான் "மூன்று மாதம்" என்று ஆசை காட்டுகிறார்கள். ஆனால் ஊர் சுற்றிப் பார்க்க என்று எழுதிக் கொடுத்துவிட்டு முகாமில் வேலை செய்தால் அது பொய்த் தகவல். ஏதென்ஸில் இறங்கியதுமே திருப்பி அனுப்பலாம், விசாவை ரத்து செய்யலாம். அந்தப் பதிவு ஐந்து ஆண்டு வரை இருக்கும். எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்க முடியும். விண்ணப்பத்தில் கையெழுத்து உங்கள் மகளுடையது, ஏஜென்ட்டுடையது அல்ல.

"லண்டனில் விசிட்டர் விசாவிலேயே சேவை செய்கிறார்களே" என்று அவர் சொல்வார். எல்லா ஏஜென்ட்டும் இதைச் சொல்வதால் விளக்கிவிடுகிறேன். பிரிட்டனில் அப்படி ஒரு சலுகை உண்டு. ஆனால் மொத்தமே 30 நாள். அதுவும் அங்கே முறைப்படி பதிவான அறக்கட்டளைக்குத்தான். அதோடு, பயணத்தின் முக்கிய நோக்கம் சேவையாக இருக்கக் கூடாது. அண்ணன் வீட்டுக்குப் போன இடத்தில் வாரம் இரண்டு நாள் பக்கத்து அறக்கட்டளைக்குப் போய் உதவலாம், அவ்வளவுதான். சேவைக்காகவே போவதென்றால் அறக்கட்டளைப் பணியாளருக்கான தனி விசா வேண்டும். அதற்கு அங்குள்ள அமைப்பு உரிமம் பெற்ற ஸ்பான்சராக இருந்து சான்று தர வேண்டும். இது முழுக்க பிரிட்டன் சட்டம். கிரீஸுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பண விஷயம். விமான டிக்கெட், தங்கும் செலவைத் தன்னார்வலரே பார்த்துக்கொள்ளட்டும் என்று நல்ல அமைப்புகளும் சொல்வதுண்டு. அது நியாயம். இடம் பிடித்துத் தருவதற்குக் கட்டணம் என்பதுதான் ஏமாற்று. ஐ.நா. தன்னார்வலர் திட்டமும் ஐ.நா. அகதிகள் ஆணையமும் விண்ணப்பத்துக்கோ தேர்வுக்கோ ஒரு பைசா வாங்குவதில்லை. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட், 1983 குடியேற்றச் சட்டப்படி மத்திய அரசிடம் உரிமம் வாங்க வேண்டும், ஜி.எஸ்.டி. தவிர 30,000 ரூபாய்க்கு மேல் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது. "இது வேலை இல்லைங்க, சேவை" என்று சொல்லி இவர்கள் நழுவுகிறார்கள். சம்பளமே இல்லாமல் உழைக்கப் போகிற பெண்ணிடம் அதைப்போலக் கிட்டத்தட்ட ஆறு மடங்கு கேட்கிறார்கள், தட்டிக் கேட்க ஆளில்லை. இத்தனை வருஷமாக இந்த ஓட்டையை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை!

எனக்கு இன்னும் பெரிய கவலை அந்தக் குழந்தைகளைப் பற்றி. பணத்தையும் பாஸ்போர்ட்டையும் தவிர ஏஜென்ட் உங்கள் மகளிடம் வேறென்ன கேட்டார்? போலீஸ் சான்று கேட்டாரா? அவள் வேலை பார்க்கும் பள்ளியில் விசாரித்தாரா? குழந்தைகளைப் படம் எடுத்துப் போடக் கூடாது என்றாவது சொன்னாரா? பொறுப்பான அமைப்பு இதையெல்லாம் கேட்கும். குழந்தைப் பாதுகாப்பு விதிகளில் கையெழுத்தும் வாங்கும். எதையும் கேட்காமல் உங்கள் மகளை உள்ளே விடுகிறவர்கள் நாளைக்கு யாரை வேண்டுமானாலும் விடுவார்கள். போலீஸ் சான்றைப் பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் நீங்களே விண்ணப்பித்து வாங்கலாம். கட்டணம் 500 ரூபாய்தான்.

கிரீஸ் அமைப்பின் பெயரை ஏஜென்ட்டிடம் கேளுங்கள். முகாம்களில் வேலை செய்யும் அமைப்புகள் அந்நாட்டுக் குடியேற்ற அமைச்சகத்தின் பதிவேட்டில் இருக்க வேண்டும். உங்கள் மகளே நேரடியாக மின்னஞ்சல் அனுப்பி, பதிவு எண்ணையும் எந்த வகை விசாவுக்குக் கடிதம் தருவார்கள் என்பதையும் கேட்கட்டும். பெயர் சொல்லவே ஏஜென்ட் தயங்கினால் அதுவே பதில்.

பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். புழலிலும் கும்மிடிப்பூண்டியிலும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. தனியாளாக அனுமதி கேட்டுப் போனால் மேசைக்கு மேசை அலைய வேண்டியிருக்கும். சொல்லித் தர ஒரு பெண் தயாராக நிற்கிறாள், கோப்பு நகராது. எனக்கு ஆத்திரமாக வருகிறது. அதனால் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் போல, 1984 முதல் இந்த மக்களோடு இருக்கும் அமைப்பை அணுகச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்த 20,000. ரசீது தரவில்லையென்றால் வங்கிக் கணக்கு விவரத்தையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காமல் வையுங்கள். எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.