சண்டைக்கு நடுவே மாவு என்ன விலை?

கேள்வி: ஏமனில் போருக்கு நடுவிலும் ஐ.நா.வின் உலக உணவுத் திட்டத்தினர் ஊர் ஊராக மளிகை விலை விசாரிக்கிறார்களாமே, அந்தச் செலவில் நாலு மூட்டை மாவு கூடுதலாக இறக்கக் கூடாதா?
- வாசகர், கரூர்

பதில்: எரிச்சல் நியாயம்தான். ஆனால் ஏமனில் பல ஊர்களில் கடையில் சாமான் இருக்கிறது, வாங்கத்தான் காசில்லை. கோதுமை அநேகமாக முழுக்கக் கப்பலில் வருவதால் ஏமன் நாணயமான ரியால் சரிந்தால் மாவு விலை ஏறிவிடும். போருக்கு முன் ஒரு டாலருக்கு 215 ரியால். 2016-இல் மத்திய வங்கியே ஹூதி கிளர்ச்சியாளர்கள் பிடித்துவைத்திருக்கும் தலைநகர் சனா, அரசுத் தரப்பின் ஏடன் என்று இரண்டாகப் பிரிந்தது, அப்புறம் ஏடன் அச்சிட்ட புது நோட்டுகள் செல்லாது என்று ஹூதிகள் தடை போட, இன்று சனாவில் டாலர் 500 சொச்சத்திலேயே நிற்கிறது. ஏடனிலோ 2025 நடுவில் 2,500-ஐத் தாண்டியது. ஒரே நாடு, ஒரே பெயர் கொண்ட காசு! இதில் நாட்டுக்கே பொதுவாக ஒரு சராசரி விலை போட்டு என்ன பயன்? மாவு, பயறு, எண்ணெய், சர்க்கரை, உப்பு எல்லாம் சேர்த்து ஒரு குடும்பத்துக்கு அந்தந்த ஊரில் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் எங்கே பணமாகக் கொடுக்கலாம், எங்கே மூட்டையாகவே கொடுக்க வேண்டும் என்பது தெரியும். சரக்கே இல்லாத ஊரில் பணத்தைக் கொட்டினால் விலைதான் எகிறும்.

சரி, மூட்டையை இறக்கிவிட்டால் முடிந்ததா? உணவு வேறு கைகளுக்குப் போகிறது என்று 2019 ஜூனில் சனாவில் விநியோகத்தையே ஓரளவு நிறுத்தினார்கள். பயனாளிகளைக் கைரேகையோடு பதிவு செய்ய ஹூதிகள் ஒப்புக்கொண்ட பிறகு, ஆகஸ்டில்தான் மீண்டும் கொடுத்தார்கள்.