பந்தை ஓங்கி அடிக்கும் முன்: ஸ்லாம் பயிற்சி கேள்வி பதில்

மெடிசின் பந்தைத் தலைக்கு மேல் தூக்கித் தரையில் அறையும் பயிற்சி பற்றிக் கோலாலம்பூர் வட்டாரத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் பயிற்றுநர். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

எங்கள் ஜிம்மில் மூன்று மாதிரிப் பந்து கிடக்கிறது. எதை எடுத்து அடிப்பது, கோச்? (செந்தூல்)

பந்தை இடுப்பு உயரத்திலிருந்து சும்மா நழுவ விட்டுப் பாருங்கள். விழுந்த இடத்திலேயே சாக்கு மூட்டை மாதிரி "தொப்"பென்று உட்கார்ந்தால் அதுதான் ஸ்லாம் பந்து. தடித்த ரப்பர் அல்லது பிவிசி ஓடு, உள்ளே மணல். முழங்கால்வரை எகிறி வந்தால் அது பழைய ரக ரப்பர் மெடிசின் பந்து. அதைச் சுவரில் எறிந்து பிடிக்கலாம், தரையில் ஓங்கி அறையக் கூடாது. முகத்துக்கு நேரே திரும்பி வரும், பல்லுக்கு உத்தரவாதம் இல்லை. மூன்றாவது, பெரிய பூசணிக்காய் அளவில் மெத்தென்று இருக்கும் வால் பந்து, அதாவது சுவரில் எறியும் பந்து, குறுக்களவு 35 செ.மீ. இருக்கும். அது தையல் போட்ட பந்து. தரையில் அறைந்தால் கொஞ்ச நாளில் தையல் விட்டுப்போகும், ஜிம்காரர் உங்களைத்தான் தேடுவார்.

எடை 70 கிலோ. 12 கிலோ பந்தை 20 தடவை, 4 செட் அடிக்கிறேன். மூச்சு வாங்குகிறது, வியர்வை கொட்டுகிறது. ஆறு வாரம் ஆகியும் பூப்பந்து ஸ்மாஷில் எந்த மாற்றமும் இல்லையே? (பூச்சோங்)

இருக்காது, தம்பி. நீங்கள் செய்வது மூச்சுப் பயிற்சி. தப்பில்லை, ஆனால் அதற்குப் பவர் என்று பெயர் இல்லை.

பவர் என்பது விசை பெருக்கல் வேகம். 12 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றுவதற்குள்ளேயே உங்கள் வேகம் செத்துவிடுகிறது. இறங்கும்போது பந்தை நீங்கள் அடிப்பதில்லை, அது தானாக விழுகிறது, கை கூடப் போகிறது. கைப்பேசியை விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷனில் வைத்துப் பக்கவாட்டில் படம் எடுங்கள். பந்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 2.2 மீட்டர் உயரத்தில் இருந்து, கையைச் சும்மா விட்டுவிட்டாலே 0.67 விநாடியில் தரையைத் தொடும். 240-ல் அது 160 ஃபிரேம். பந்து உச்சியிலிருந்து இறங்கத் தொடங்கும் ஃபிரேமிலிருந்து தரையில் படும் ஃபிரேம்வரை எண்ணுங்கள். 150, 155 என்று வந்தால் வேலை பார்ப்பது புவியீர்ப்பு, நீங்கள் இல்லை.

இன்னொரு கணக்கு. தசை தன் முழு பலத்தையும் திரட்ட 0.3 விநாடிக்கு மேல் ஆகும். முழு வேகத்தில் ஓடுபவரின் பாதம் தரையில் தங்குவது 0.1 விநாடிதான். ஆட்டக்களத்தில் முழு பலம் வரும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கிடைத்த நொடித்துண்டில் எவ்வளவு பலத்தைக் கொட்டுகிறீர்கள் என்பதுதான் பவர். அதைப் பழக்க இலேசான பந்து வேண்டும்.

60 கிலோவுக்குக் கீழே இருப்பவர் 3 கிலோ, 60 முதல் 80 வரை 4 கிலோ, அதற்கு மேல் 5 கிலோ. 6 கிலோவைத் தாண்ட வேண்டிய தேவை பெரும்பாலானவர்களுக்கு வராது. ஒரு செட்டுக்கு 4 அல்லது 5 அடி. மூன்றாவது அடியிலேயே வேகம் குறைகிறதா? செட் முடிந்தது, பந்தைக் கீழே வையுங்கள். எண்ணிக்கையை முடித்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம்தான் இந்தப் பயிற்சியைக் கெடுக்கிற முதல் எதிரி.

ஓர் அடியை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை சொல்லுங்களேன். யூடியூபில் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி செய்கிறார்கள். (பிரிக்ஃபீல்ட்ஸ்)

சொல்கிறேன், அக்கா. பந்து தரையில், இரு பாதத்துக்கும் நடுவே. பாதங்கள் இடுப்பகலத்தை விடக் கொஞ்சம் விரிந்து இருக்கட்டும். பிட்டத்தைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, முதுகைப் பலகை மாதிரி வைத்துக்கொண்டு எடுங்கள். முதுகு பிடித்துக்கொள்வது அடிக்கும்போது குறைவு. பத்தாவது தடவை அசட்டையாகக் குனிந்து பந்தை எடுக்கும்போதுதான் அதிகம்.

பந்தை நெஞ்சோடு உரசினாற்போல் மேலே கொண்டுபோங்கள். கை மேலே போகும்போதே குதிகால் எழும்ப வேண்டும். கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் நீண்டு, மேல் அலமாரியில் இருக்கும் டப்பாவுக்கு எட்டுகிற மாதிரி நில்லுங்கள். பந்து உச்சந்தலைக்கு நேர் மேலே அல்லது ஒரு சாண் பின்னால். கழுத்துக்குப் பின்னால் தொங்கவிட்டால் விலா எலும்பு முன்னால் பிதுங்கும், கீழ் முதுகு வில்லாக வளையும். அது வேண்டாம்.

உச்சியில் நிற்காதீர்கள். மேலே நீளும்போது வயிறும் அக்குளுக்குக் கீழே இருக்கும் பெரிய முதுகுத்தசையும் ரப்பர் பட்டை மாதிரி இழுபடுகின்றன. உடனே திரும்பினால் அந்த இழுவிசையும் அடியில் சேரும். அரை விநாடி நின்று யோசித்தால் அது கரைந்துவிடும்.

இறங்கும்போது முதலில் வயிறு சுருங்கட்டும், இடுப்பு பின்னால் போகட்டும், கை கடைசியில் வரட்டும். இந்த வரிசை மாறினால் தோள் மட்டும் வேலை செய்யும். மறுநாள் தோள்பட்டையின் முன்பக்கம் மட்டும் வலித்தால் வரிசை தப்பியது என்று அர்த்தம். பந்தை இடுப்பு உயரத்தில் விட்டுவிடுங்கள், தரைவரை கூடப் போக வேண்டாம். விழுகிற இடம் கால்விரலுக்கு ஓர் அடி முன்னால். அடிக்கும்போது "ஹா" என்று மூச்சு வெளியே வர வேண்டும்.

முடிந்ததும் நிமிர்ந்து நின்று, ஒரு மூச்சு விட்டு, மறுபடி. தொடர்ச்சியாகப் படபடவென்று அடிப்பது பார்க்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

கெப்போங்கில் 11-வது மாடி. கீழ் வீட்டுக்காரர் ஏற்கனவே ஜாகாவிடம் (காவலாளியிடம்) புகார் கொடுத்துவிட்டார். தடித்த ரப்பர் பாய் போட்டால் சரியாகுமா?

ஆகாது. பாய் தரை ஓடு உடையாமல் காப்பாற்றும். அதிர்வு சிமெண்டுத் தளத்துக்குள் இறங்கிக் கீழ் வீட்டு உத்தரத்தில் போய்த்தான் ஓயும். புல்தரைக்கு இறங்கி வாருங்கள். திடலாக இருந்தால் ஓரமாக நின்றால் போதும். மாலை மழை பெய்திருந்தால் பந்தைத் துடைக்க ஒரு பழைய துண்டு அவசியம். ஈரப்பந்து மேலே போகும்போதே வழுக்கித் தலையில் இறங்கும். இறங்கவே வழியில்லை என்றால், பந்தை விடாமல் ரப்பர் பட்டையைக் கதவின் மேல் மாட்டி அதே அசைவை வேகமாக இழுக்கலாம். ஆனால் இரண்டும் ஒன்றில்லை. பந்தை விட்டுவிடலாம் என்பதால் கடைசிவரை வேகத்தைக் கூட்ட முடிகிறது. கையிலேயே இருக்கும் பொருளை உடம்பு பாதி வழியிலேயே பிரேக் போட்டு நிறுத்தப் பார்க்கும்.

வாரத்துக்கு எத்தனை நாள்? எடை தூக்குவதற்கு முன்னாலா பின்னாலா? (பெட்டாலிங் ஜெயா, சுங்கை ஆரா, இன்னும் சிலர்)

வாரம் 2 நாள், நடுவில் 48 மணி நேரமாவது இடைவெளி. வார்ம்-அப் 8 நிமிடம், பிறகு பந்து, பிறகுதான் எடை. களைத்த உடம்பில் வேகம் பழக முடியாது.

முதல் இரண்டு வாரம் 3 செட், செட்டுக்கு 5 அடி. அடுத்த இரண்டு வாரம் 4 செட். ஐந்தாவது வாரத்திலிருந்து 5 செட், ஆனால் அடி 4 ஆகக் குறையும். ஒரு நாளில் 20 சுத்தமான அடி நிறைய. செட்டுக்கு இடையே குறைந்தது 90 விநாடி, முடிந்தால் 2 நிமிடம். திடீர் வேகத்துக்குத் தசை செலவழிக்கும் கிரியேட்டின் பாஸ்பேட் அரை நிமிடத்தில் பாதியளவுதான் திரும்பும், முழுக்க நிரம்ப 3 நிமிடத்துக்கு மேல் ஆகும். "சும்மா நிற்க போரடிக்கிறது" என்று அந்த நேரத்தில் ஸ்கிப்பிங் போடுகிறவர்கள் உண்டு. போடாதீர்கள், லா.

ஜம்ப் ஸ்மாஷுக்காகத்தான் செய்கிறேன். ஸ்லாம் செய்தால் எகிறும் உயரம் கூடுமா? (புக்கிட் மெர்தாஜாம்)

பூப்பந்து வீரர் லீ சோங் வெய் வளர்ந்த ஊரிலிருந்து வேறென்ன கேள்வி வரும்! ஆனால் பதில் உங்களுக்குப் பிடிக்காது: ஸ்லாம் மட்டும் செய்தால் பெரிதாகக் கூடாது. ஸ்லாமில் சுமைக்கு எதிராக வெடித்து வேலை செய்வது வயிறும் முதுகின் பெரிய தசையும் கையின் பின்தசையும். எகிறுவதற்கு வேண்டியது இடுப்பும் தொடையும் மேல்நோக்கி வெடிப்பது. அசைவே எதிர்த்திசை.

ஸ்மாஷின் இரண்டாவது பாதிக்கு, அதாவது மேலேயிருந்து கீழே அறையும் அசைவுக்கு ஸ்லாம் உதவும். முதல் பாதிக்குப் பின்னோக்கி எறிதல் சேருங்கள். 3 அல்லது 4 கிலோ பந்தை இரு கையால் முழங்கால்களுக்கு இடையே இறக்கி, எகிறிக்கொண்டே தலைக்கு மேலாகப் பின்பக்கம் வீசுவது. பின்னால் 20 மீட்டர் காலியாக இருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு வீசுங்கள். மூன்றாவதாக, சுவருக்குப் பக்கவாட்டில் நின்று இடுப்பைத் திருப்பி ரப்பர் மெடிசின் பந்தை எறிவது, பக்கத்துக்கு 4 தடவை. ஸ்மாஷ் நேர்கோட்டு அசைவு இல்லை, உடம்பு திரும்பித்தான் அடிக்கிறது. மூன்றும் சேர்த்து ஒரு நாளில் 30 எறிதலுக்கு மேல் வேண்டாம்.

பத்துமலைப் படி ஏறுவது இதற்கு ஈடாகுமா?

272 படியும் ஏறி முடிக்கும்போது கிடைப்பது தாக்குப்பிடிக்கும் திறன். பினாங்குத் தண்ணீர்மலையில் 500-க்கு மேல், அது இன்னும் நீளம். பவருக்கு 8, 10 படி போதும், இரண்டிரண்டாகத் தாவி, இறங்கி, ஓய்வெடுத்து. அதற்குக் கோயில் படி எதற்கு? பக்தர்கள் ஏறுகிற இடம், குரங்கு வேறு குறுக்கே வரும். கொண்டோ மாடிப்படி போதும்.

அப்பாவுக்கு 58 வயது, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். அவரும் செய்யலாமா? (ஜெலுத்தோங்)

வயதாகும்போது பலத்தை விட பவர்தான் வேகமாகக் குறைகிறது. தடுக்கி விழப்போகும்போது காலைச் சட்டென்று முன்னால் வைப்பது பவர் வேலை. ஆகவே ஐயாவுக்கும் இந்த வகைப் பயிற்சி தேவைதான், ஆனால் ஸ்லாமில் ஆரம்பிக்க வேண்டாம். முதலில் கிளினிக்கில் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்த்து, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு 2 கிலோ பந்தை நெஞ்சிலிருந்து சுவரை நோக்கி வேகமாகத் தள்ளுவது, 3 செட், செட்டுக்கு 5. மூச்சை அடக்கக் கூடாது, அடக்கினால் அழுத்தம் எகிறும். தள்ளும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூச்சு தானாக வெளியே வரும். தலைசுற்றலோ நெஞ்சில் இறுக்கமோ வந்தால் அன்றைக்கு அத்தோடு நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதுகெலும்பில் டிஸ்க் பிரச்சினை இருக்கிறது, இப்போது வலி இல்லை. (காஜாங்)

ஸ்லாம் வேண்டாம். வேகமாக முன்னால் வளைவதும் குனிந்து எடுப்பதும் ஒரே அடியில் வருகின்றன. இயன்மருத்துவர் சரி என்றால் மேலே சொன்ன சுவர்த்தள்ளலைச் செய்யுங்கள்.

புகைமூட்டம் வந்தால்?

காற்று மாசுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் திடலுக்குப் போக வேண்டாம்.

பழைய கூடைப்பந்தில் மணல் அடைத்து நாமே செய்துகொள்ள முடியுமா? (பட்டர்வொர்த்)

முடியும், புல்தரைக்கு மட்டும். 7-ம் எண் பந்தின் உள்ளே சுமார் 7 லிட்டர் இடம். காய்ந்த ஆற்றுமணல் லிட்டருக்கு 1.6 கிலோ. முழுக்க அடைத்தால் 11 கிலோவைத் தாண்டும், அது வேண்டாம். பந்தே 600 கிராம். 4 கிலோ ஆக்க 3.4 கிலோ மணல், அதாவது 2 லிட்டருக்குச் சற்று மேல்.

மணலை வெயிலில் இரண்டு நாள் காயவைத்துச் சல்லடையில் சலியுங்கள். கூர்க்கல் ஒன்று தப்பினாலும் உள்ளிருந்தே பந்தின் தோலைக் கிழிக்கும். காற்றுத் துளைக்கு எதிர்ப்பக்கம் 3 செ.மீ. கீறி, புனல் வைத்துக் கொட்டுங்கள். கீறலைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சைக்கிள் டியூப் ஒட்டும் பசையும் ஒட்டுத்துண்டும் போட்டு, ஒரு நாள் கனமான பொருளை மேலே வையுங்கள். கடைசியில் துணி டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக மூன்று சுற்று. காற்று பாதிதான் அடிக்க வேண்டும், அமுக்கினால் குழி விழ வேண்டும். கெட்டியாக அடித்தால் எகிறும், ஒட்டுத்துண்டும் பிய்யும்.

ஒவ்வொரு நாளும் அடிக்கும் முன் ஒட்டுப் பக்கத்தை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். நறநறவென்று தட்டுப்பட்டால் மணல் கசிகிறது. தலைக்கு மேல் தூக்கும்போது அது நேரே கண்ணுக்குள் விழும். அன்றைக்கு அந்தப் பந்து வேண்டாம். கடையில் வாங்கிய பந்திலும் அடைப்பான் இருக்கும் இடம் இதே மாதிரிதான் முதலில் விடும், அதையும் தடவிப் பாருங்கள். காரின் பின்பெட்டியில் வெயிலில் போட்டு வைத்தால் இன்னும் சீக்கிரம் விடும்.