கார் ஆம்ப்ளிஃபையருக்காகப் பேட்டரி பக்கத்தில் போட்ட 60 ஆம்பியர் ஃபியூஸ் அடிக்கடி போகிறதே, 100 போடலாமா? ஆம்ப் 500 வாட், ஒயர் 5 மீட்டர், 8 கேஜ், செம்பு பூசிய அலுமினியம். ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக்கும் இளகியிருக்கிறது.

வேண்டாம் நண்பரே, தயவுசெய்து அதை மட்டும் செய்துவிடாதீர்கள். பேட்டரி பக்கத்து ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபையரை அல்ல, ஒயரை. உங்கள் 8 கேஜ் ஒயரில் 100 ஆம்பியர் போட்டால், எங்காவது கார் பாடியில் உரசி ஷார்ட் ஆகும்போது ஃபியூஸ் போவதற்கு முன்பே ஒயர் எரியலாம்.

கணக்கைப் பாருங்கள். 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் வாட்), கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் ஆம்ப் வகை), திறன் 80 சதவீதம் என்று வைத்தால் பேட்டரியிலிருந்து 625 வாட் இழுக்கும். 13.8 வோல்ட்டில் சுமார் 45 ஆம்பியர். அப்படியானால் 60 ஏன் போகிறது? ஃபியூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் இளகியிருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் சந்தேகம். ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் அந்த இணைப்பு சூடாகும். அந்தச் சூட்டிலேயே ஃபியூஸ் சீக்கிரம் உருகும். பாட்டு சத்தமாக ஓடும்போது மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஹோல்டரின் இரு முனைகளிலும் தொடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ஹோல்டரையே மாற்றுங்கள்.

அப்புறம், செம்பு பூசிய அலுமினிய ஒயர் என்கிறீர்கள். 5 மீட்டருக்கு அது மெலிவுதான். சுத்தச் செம்பில் 4 கேஜ் இழுங்கள் (கேஜ் எண் குறைந்தால் ஒயர் தடிமன்). அதற்கு 80 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் வையுங்கள். கிரவுண்டும் (ஆம்பிலிருந்து கார் பாடிக்குப் போகும் ஒயர்) அதே கேஜ், பெயின்ட்டைச் சுரண்டிய வெறும் உலோகத்தில். ஆம்பிலேயே இருக்கும் ஃபியூஸைத் தொடாதீர்கள்.

ஹோல்டரை மாற்றியும் ஃபியூஸ் போனால் சப்வூஃபரின் (பேஸ் ஸ்பீக்கர்) ஓம் எவ்வளவு என்று எழுதுங்கள், பார்க்கலாம்.