இளம் வீரர்கள் நிறைந்த கூடைப்பந்து அணி, சீசன் முடிந்ததும் யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது என்று எப்படி முடிவு செய்ய வேண்டும்? 2012இல் ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி தன் இளம் வீரர் ஜேம்ஸ் ஹார்டனை வேறு அணிக்கு விட்டது தவறா?

கேள்வியைப் பார்த்தால் நீங்கள் 2025இல் தண்டர் கோப்பை வென்ற பிறகு என்.பி.ஏ. (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) பார்க்க ஆரம்பித்தவர் என்று நினைக்கிறேன். "இப்போது மூன்று நட்சத்திர வீரர்களுக்கும் கேட்டதைக் கொடுத்த அணி, அன்று ஹார்டன் ஒருவருக்குக் கொடுக்காதது ஏன்" என்று கேட்டிருக்கிறீர்கள். நிர்வாகம் மாறியிருக்கும் என்ற எண்ணம் அதில் தெரிகிறது. மாறவில்லை. 2007இல் அணி சியாட்டிலில் இருந்தபோதே பொது மேலாளர் பொறுப்புக்கு வந்த சாம் பிரெஸ்டிதான் இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்.

என் பதில்: தவறு. ஆனால் எங்கே தவறு என்பதில் நான் பலரோடு ஒத்துப்போவதில்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், இந்த விஷயம் எனக்கு வெறும் விளையாட்டுச் செய்தி இல்லை.

முதலில் கணக்கு. 2008-09இல் 82 ஆட்டங்களில் 23 மட்டும் வென்ற அணி, 2012 ஜூனில் மயாமிக்கு எதிராக இறுதிச் சுற்றில் நின்றது. டுரான்ட், வெஸ்ட்புரூக், ஹார்டன், இபாகா, நால்வரில் ஒருவருக்குக்கூட அப்போது 24 வயது ஆகவில்லை. இறுதிச் சுற்றில் 4-1 எனத் தோற்றார்கள், ஹார்டன் அந்தத் தொடரில் சரியாக ஆடவும் இல்லை. ஆனால் அந்த சீசனின் சிறந்த ஆறாவது வீரர் விருது அவருக்குத்தான். பெஞ்சிலிருந்து இறங்கி ஆட்டத்துக்கு 16.8 புள்ளி எடுத்தவர்.

டுரான்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் ஏற்கெனவே பெரிய ஒப்பந்தம் கொடுத்தாகிவிட்டது. ஆகஸ்டில் இபாகாவுக்கும் நான்கு ஆண்டுகளுக்குக் கிட்டத்தட்ட 4.8 கோடி டாலர் கொடுத்தார்கள். ஹார்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்குச் சுமார் 5.5 கோடி வரை ஏறி வந்ததாகச் செய்திகள் வந்தன. விதிப்படி அவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் ஏறக்குறைய 6 கோடி. அந்த இடைவெளியில்தான் பேச்சு முறிந்தது.

நிர்வாகத்தின் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். லீக்கும் வீரர் சங்கமும் 2011இல் போட்ட ஒப்பந்தப்படி, மொத்தச் சம்பளம் வரி வரம்பைத் தாண்டும் அணிக்கு 2013-14 முதல் அபராத வரி படிப்படியாக ஏறும். அந்த வரம்புக்கு மேல் ஒன்றரைக் கோடி டாலர் போனால் வரி மட்டும் 2.875 கோடி. ஓக்லஹோமா சிட்டி நியூயார்க் போல, லாஸ் ஏஞ்சல்ஸ் போலப் பெரிய சந்தை இல்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. முதல் ஒப்பந்தத்தை ஐந்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கும் சலுகையை ஒரு அணி ஒருவருக்குத்தான் கொடுக்க முடியும், அதை வெஸ்ட்புரூக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். ஹார்டனுக்கு நான்குதான்.

சரி, வழியே இல்லையா? இருந்தது. புதிய விதிப்படி பழைய ஒப்பந்தம் ஒன்றை வரிக் கணக்கிலிருந்து கழற்றிவிடலாம். சென்டர் இடத்தில் ஆடிய பெர்கின்ஸின் ஒப்பந்தத்தை அப்படிக் கழற்றியிருந்தால் சுமை குறைந்திருக்கும். ஆனால் அந்தப் பணத்தை முதலாளிகள் கையிலிருந்து கொடுத்திருக்க வேண்டும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. ஹார்டனின் முதல் ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு முழு சீசன் பாக்கி இருந்தது. அதை ஆடவிட்டிருந்தாலும், 2013 கோடையில் அவர் வேறு அணியின் அழைப்பை வாங்கி வந்தால், அதே தொகையைக் கொடுத்துத் தடுத்துக்கொள்ளும் உரிமை தண்டருக்கு இருந்தது. நீட்டிப்புக்கு அக்டோபர் 31 கெடு என்பது உண்மைதான். அந்தக் கெடு தாண்டினால் அவர் கைவிட்டுப் போய்விடுவார் என்பது உண்மை இல்லை.

முடிவெடுக்கத் தனக்கு ஒரு மணி நேரம்தான் கொடுத்தார்கள் என்று ஹார்டன் பின்னாளில் பேட்டியில் சொன்னார். அந்த வரியைப் படித்த நாளை நான் மறக்கவில்லை.

2012 அக்டோபர் 27, சனிக்கிழமை. அப்போது வேலை நிமித்தமாக ஓக்லஹோமா சிட்டியில் இருந்தேன். ஹார்டன் ஹியூஸ்டனுக்குப் போய்விட்டார் என்று அன்று இரவு அறை நண்பர் சொன்னபோது நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். "கோடி கோடியாகச் சம்பாதிக்கப் போகிறவனுக்காக நீ ஏன் சாப்பிடாமல் இருக்கிறாய்" என்று அவர் கேட்டார். இதே கேள்வியை இங்கேயும் யாராவது கேட்பீர்கள் என்று தெரியும், அதற்காகத்தான் மேற்கொண்டு சொல்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பெரியகுளம். கோடையில் அங்கே நடக்கும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைப் பார்த்து வளர்ந்தவன். என் வயதுப் பையன்களுக்கு அந்த கேலரிதான் பள்ளிக்கூடம். வங்கி அணி, ரயில்வே அணி, ராணுவ அணி என்று வரும் அண்ணன்கள் பந்தை எப்படித் தட்டிக்கொண்டு ஓடுகிறார்கள், ஷூ கயிற்றை எப்படிக் கட்டுகிறார்கள் என்று எல்லாவற்றையும் பார்த்து வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் அதையே செய்வோம். அப்பா மாங்காய் மண்டியில் எடை எழுதும் வேலை. 19 வயதில் எனக்கு ஒரு நிறுவனத்தின் அணியில் இடம் கிடைத்தது. பெயர் வேண்டாம். நிரந்தர வேலை இல்லை, மாதம் 1,500 ரூபாய் ஸ்டைபண்ட், தங்கும் இடம், காலையும் மாலையும் பயிற்சி. இப்படி ஆறேழு பேர் இருந்தோம். வருஷத்துக்கு ஒருவருக்கோ இருவருக்கோ ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் பர்மனென்ட் ஆகும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

நான் பாயின்ட் கார்டு, பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துபவன். முதல் ஐந்தில் இல்லை, ஆறாவது ஆள். இரண்டாம் குவார்ட்டரில் இறங்கி ஆட்டத்தின் வேகத்தை மாற்றிவிட்டு வருவதுதான் என் வேலை. அதை நான் குறைவாக நினைத்ததே இல்லை. கோச் சார் ஒருமுறை எல்லார் முன்னாலும், "இவன் இறங்கினால்தான் எனக்கு மூச்சு வருது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் ஓடினேன்.

1997 மே மாதம், சீசன் முடிந்தது. ஒரு நாள் சாயங்காலம் அணி மேனேஜர் என்னை மட்டும் கூப்பிட்டார். இரண்டு பக்கக் காகிதம். இன்னும் இரண்டு வருஷம், அதே 1,500 ரூபாய், இடையில் வேறு எந்த அணியின் டிரையல்ஸுக்கும் போகக் கூடாது. பர்மனென்ட் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை.

"சார், பர்மனென்ட் பற்றி ஒரு வார்த்தை எழுதிக் கொடுப்பீங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் எழுத முடியாது தம்பி. நம்பிக்கைதான். காலையில பத்து மணிக்குள்ள சொல்லிடு."

"அப்பாவைக் கேட்கணும் சார். ரெண்டு நாள் கொடுங்க."

"உனக்குப் பின்னால ஆள் நிக்கிறாங்க தம்பி."

எங்கள் வீட்டில் போன் இல்லை. மண்டிக்குப் பக்கத்து உரக்கடைக்குத்தான் பேச வேண்டும். மாங்காய் சீசன், அப்பா ராத்திரி முழுக்க லாரியோடு நிற்பார். கட்டணம் குறையும் நேரம் என்பதால் எஸ்.டி.டி. பூத்தில் பெரிய வரிசை. மூன்று முறை போட்டும் உரக்கடையில் யாரும் எடுக்கவில்லை. மறுநாள் காலை ஏழு மணிக்கு மறுபடி போய் நின்றேன். ஒன்பதரைக்கு அப்பா லைனில் வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உனக்குச் சரின்னு பட்டா போடுப்பா, விளையாடத்தானே போன" என்றார். ஓடினேன். அலுவலக வாசலில் சுவர்க் கடிகாரம் பத்தே கால் காட்டியது. மேனேஜர் அறையில் என்னோடு தங்கியிருந்த இன்னொரு பையன் உட்கார்ந்திருந்தான். என்னைவிட மூன்று அங்குலம் உயரம். அந்த வாரமே அறையைக் காலி செய்தேன்.

நான் இந்திய அணிக்கு ஆடியிருப்பேன் என்றெல்லாம் சொல்ல வரவில்லை. என்னை ஹார்டனோடு ஒப்பிடவும் இல்லை. உயரமான பையனை எடுத்தது ஆட்ட ரீதியாகச் சரியான முடிவாகவே இருந்திருக்கலாம், அணிக்கு ஒரு ஃபார்வர்டு தேவைப்பட்டது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் பத்து மணி யாருக்காக? அடுத்த போட்டி ஜூலையில்தான் இருந்தது. இரண்டு நாள் பொறுத்திருந்தால் அணிக்கு என்ன நஷ்டம்? 28 வருஷமாக இதற்கு எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: இளம் வீரனை விடுவதே குற்றம் இல்லை. சம்பளத்துக்கு உச்சவரம்பு இருக்கும் விளையாட்டில் எல்லாரையும் வைத்துக்கொள்ள முடியாது. தேவை வருவதற்கு முன்பே, பயத்தில் முடிவெடுப்பதுதான் குற்றம். 'பிறகு ஒன்றும் கிடைக்காமல் போய்விடுமோ' என்று நினைத்து ஒரு வருஷம் முன்பே ஹார்டனைக் கொடுத்தார்கள். வாங்கியது கெவின் மார்ட்டின், ஜெரமி லேம்ப், பிறகு, புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் முதல் சுற்றில் இரண்டு வாய்ப்புகள், இரண்டாம் சுற்றில் ஒன்று. மார்ட்டின் ஒரே சீசனில் போய்விட்டார். அதில் ஒரு வாய்ப்பில் ஸ்டீவன் ஆடம்ஸ் வந்தார், நல்ல வீரர், மறுக்கவில்லை. ஹார்டனோ ஹியூஸ்டனில் ஐந்து ஆண்டுகளுக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு முதல் ஆட்டத்திலேயே 37 புள்ளி எடுத்தார். 2018இல் எம்.வி.பி. (சீசனின் மிகச் சிறந்த வீரர்) ஆனார்.

"ஹார்டன் ஹியூஸ்டனில் கோப்பை வாங்கவில்லையே, அப்புறம் என்ன இழப்பு" என்று ஒருவர் கட்டாயம் எழுதுவார். 2013 பிளே-ஆஃப் (கோப்பைக்கான நாக்-அவுட் கட்டம்) முதல் சுற்றில் வெஸ்ட்புரூக்குக்கு முழங்காலில் அடிபட்டது. அடுத்த சுற்றில் டுரான்ட் தனியாக நின்று மெம்ஃபிஸிடம் 4-1 எனத் தோற்றார். ஹார்டன் இருந்திருந்தால் அந்தத் தொடர் வேறு மாதிரி போயிருக்கும் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது, சரி.

2012 நவம்பர் 28 அன்று ஹார்டன் சிவப்பு ஜெர்சியில் ஓக்லஹோமா திரும்பி வந்தார். மேலே கடைசி வரிசையில் டிக்கெட் எடுத்துப் போனேன். போட்ட பந்து எதுவும் சரியாக விழவில்லை அவருக்கு, தண்டர் 22 புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தது. என் பக்கத்தில் ஒரு சிறுவன் ஒட்டுத் தாடி வைத்து, ஹார்டனின் பழைய நீல ஜெர்சியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் பெயரைச் சொன்னதும் இருவரும் எழுந்து கைதட்டினோம்.

இப்போதைய தண்டர் பற்றிக் கேட்டதற்கு வருகிறேன். 2025 ஜூலையில் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 28.5 கோடி டாலர். செட் ஹோம்கிரனுக்கும் ஜேலன் வில்லியம்ஸுக்கும் ஐந்தைந்து ஆண்டுகள், அதிகபட்சமாக 25 கோடியும் 28.7 கோடியும். ஆனால் எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கோடையில் நடந்தது. 2024 ஜூனில் ஜோஷ் கிட்டியை சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கருசோவை வாங்கினார்கள். கிட்டிக்கும் முதல் ஒப்பந்தத்தில் ஒரு வருஷம் பாக்கி இருந்தது, ஹார்டன் நிலைமையேதான். ஆனால் இந்த முறை பெஞ்சிலிருந்து இறங்கும் பங்கு பற்றி அவரிடமே பேசியதாகவும், அது அவருக்கு ஒத்துவராததால் வேறு இடம் பார்த்ததாகவும் பிரெஸ்டி வெளிப்படையாகச் சொன்னார். கிட்டி சிகாகோவில் நன்றாக ஆடி, 10 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கிவிட்டார். தண்டருக்குக் கோப்பை. இரண்டு பக்கமும் உட்கார்ந்து பேசிப் பிரிந்தால் இப்படியும் முடியும்.

இதற்குச் சம்பந்தம் இல்லாத ஒன்று, ஆனாலும் எழுதாமல் விட முடியவில்லை. நான் படித்த பள்ளியில் இரண்டு கூடைப்பந்துத் தளங்கள் இருந்தன. இப்போது ஒன்றில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. இன்னொன்றில் போர்டு இருக்கிறது, வளையம் இல்லை. போன முறை போனபோது, "பசங்க இப்ப யாரும் ஆடறதில்ல சார்" என்றார்கள். வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் பையன்கள் ஆடவில்லை என்றால் என்ன சொல்வது? ஒரு வளையம் என்ன விலை என்று விசாரித்து, நானே வாங்கித் தருகிறேன் என்று இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை.

2019 கோடையில் பெரியகுளம் போட்டி பார்க்கப் போயிருந்தபோது கேலரியில் அந்த உயரமான பையனைப் பார்த்தேன். பையன் என்கிறேன், அவனுக்கும் நரைத்துவிட்டது. பர்மனென்ட் ஆகி அதே நிறுவனத்தில்தான் இருக்கிறான். கட்டிப்பிடித்துக்கொண்டோம். இடைவேளையில் டீ வாங்கிக் கொடுத்தான். பேச்சு அந்த மே மாதத்துக்குப் போனது. பத்தே காலுக்கு வந்ததையும், பூத் வரிசையையும் அவனிடம் முதல் முறையாகச் சொன்னேன்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "நான் அதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே கையெழுத்துப் போட்டுட்டேன்டா. அன்னைக்கு வந்தது போட்டோ கொடுக்கத்தான்."